ஒரு பேச்சுக்குச் சொன்ன பேட்டரி

ஈரானில், ஹமதான் நகரத் தண்ணீர் வாரிய அலுவலகத்தில் கியூமர்ஸுக்கு முப்பத்தொரு வருட சர்வீஸ். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வருகிறவர்களிடம் திட்டு வாங்குவதுதான் வேலை. அப்படிப்பட்டவருக்கு வந்த ஆசையைப் பாருங்கள்: சொட்டுத் தண்ணீர்கூட விழாமல் நின்றுபோன அருவியைப் படம் பிடிக்க வேண்டும்! தை மாதக் குளிரில் கஞ்ச்நாமே அருவி உச்சியிலிருந்து அடிவரை உறைந்துவிடும். முற்பகலில் வெயில் மலைமுகட்டைத் தாண்டி எட்டிப் பார்க்கும்போது, பத்தே நிமிஷம், அந்தப் பனிக்கட்டிக்குள் வெளிச்சம் புகுந்து நீலமும் பச்சையுமாக எரியும். அந்தப் படம் ஊர்ப் புகைப்படச் சங்கத்தின் காலண்டரில், தன் பெயரோடு, ஓய்வு பெறுவதற்குள் ஒரு தடவை வர வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

ஒன்பது குளிர்காலமாக அது நடக்கவில்லை. குளிரைக் குற்றம் சொல்ல முடியாது. பாவம், அது தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. மனிதருக்கு 'முடியாது' என்ற சொல் வாயில் வராது. ஒரு வருஷம் அந்தப் பத்து நிமிஷமும் ஒரு கல்யாணக் கோஷ்டியைப் படமெடுத்துக் கொடுத்தார். இன்னொரு வருஷம், பனிச்சுவரில் கயிறு கட்டி ஏறுகிற பையன்கள் தொங்கிக்கொண்டே "அண்ணே, எங்களையும்!" என்று கத்தினார்கள். எடுத்தார். படத்தை யாருக்கு அனுப்புவது என்று கேட்கக்கூட மறந்துபோனார்.

ஊரே அப்படித்தான், அவரை மட்டும் சொல்லக்கூடாது. டாக்சிக்காரர் "காசா? உங்ககிட்டயா?" என்பார்; மூன்று தடவை வற்புறுத்தினால் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார். வழியில் பார்க்கிறவரையெல்லாம் சாப்பிடக் கூப்பிடுவோம். யாரும் வர மாட்டார்கள். எல்லாம் ஒரு பேச்சுக்கு. சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

பத்தாவது வருஷம் அவர் மனைவி மஹ்லகா தானும் கிளம்பினாள். "உங்களுக்கு கேமரா பத்தாது. 'முடியாது'ன்னு சொல்ல ஒரு ஆள் வேணும்" என்றாள்.

வெள்ளிக்கிழமைக் கூட்டம் அருவியடியில் மொய்த்தது. மஹ்லகா ட்ரைபாட் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு, வேகவைத்த மொச்சையைத் தின்றபடி காவலிருந்தாள். ஒரு பெண் வந்து, "சார், எங்க குடும்பத்தை ஒரு போட்டோ..." என்று இழுத்தாள்.

"அவருக்குக் காது கேக்காதும்மா" என்றாள் மஹ்லகா, வாயில் மொச்சையோடு. கியூமர்ஸ் கூனிக் குறுகிப்போனார். ஆனால் கேமராவுக்கு முன்னால் இடம் காலியாகவே இருந்தது.

வெயில் முகட்டைத் தொடக் கால் மணி நேரம் இருந்தது. டீ வாங்கி வருகிறேன் என்று மஹ்லகா எழுந்து போனாள். சனியன் அந்த நேரம் பார்த்துத்தான் வந்தது, பல் டாக்டர் அர்தவான் உருவத்தில். இருபது வருஷம் ஜெர்மனியில் இருந்துவிட்டு, போன மாதம்தான் மனைவி மக்களோடு ஊர் திரும்பியவர், நல்ல மனுஷர். அவரும் ட்ரைபாட் விரித்தார். இருவரிடமும் ஒரே கம்பெனி கேமரா.

"அடடா, குளிர்ல பேட்டரி செத்துப்போச்சே!" என்றார் டாக்டர்.

கியூமர்ஸின் கேமராவிலிருந்த பேட்டரியும் அந்திம காலத்தில்தான் இருந்தது. ஆனால் இன்னொன்றை, அந்தப் பத்து நிமிஷத்துக்காகவே, காலையிலிருந்து அக்குளில் வைத்து அடைகாத்துக்கொண்டிருந்தார். கை தானாகச் சட்டைக்குள் போனது. வாய் தானாகப் பேசியது.

"இந்தாங்க டாக்டர், இது உங்களுது."

இன்னொரு ஹமதான்காரராக இருந்தால் பதறியிருப்பார். ஐயோ வேண்டாம், நீங்க வச்சுக்குங்க, உங்க உயிர்மேல ஆணை என்பார். பேட்டரி பத்திரமாக அக்குளுக்குத் திரும்பியிருக்கும்.

"ரொம்ப நன்றி" என்று டாக்டர் வாங்கி மாட்டிக்கொண்டார்.

வெயில் வந்தது. பனிக்குள் பச்சை மூண்டது. கியூமர்ஸ் பொத்தானை அழுத்தினார். சிவப்பு விளக்கு ஒருமுறை கண் சிமிட்டி அணைந்தது. பக்கத்தில் டாக்டர் சடசடவென்று எடுத்துத் தள்ளினார். வெளிச்சத்தை எப்படி அளப்பது என்று கேட்டார். கியூமர்ஸ் சொல்லிக் கொடுத்தார். எங்கே நின்றால் நன்றாக இருக்கும் என்று கேட்டார். கியூமர்ஸ் தன் இடத்தையே விட்டு நகர்ந்தார். "நிதானமா எடுங்க, அவசரமில்ல" என்று வேறு சொன்னார்.

வெயில் போனதும் டாக்டர் படத்தைக் காட்டினார். பத்து வருஷமாகக் கியூமர்ஸ் கனவில் கண்ட அதே படம்!

"காலண்டருக்கு அனுப்பப்போறேன். நீங்க இல்லேன்னா இது ஏது? உங்க பேரையும் சேத்துப் போடட்டுமா?"

"சேச்சே! என்ன டாக்டர் இது, நான் என்ன பண்ணிட்டேன்!"

"அப்படியா? சரி" என்று டாக்டர் கேமராவைப் பையில் வைத்தார்.

டீயோடு வந்த மஹ்லகாவுக்கு விஷயம் புரிய அரை நிமிஷம் ஆயிற்று. "அட மனுஷா! எங்கப்பா பொண்ணு தரேன்னப்போ 'எனக்குத் தகுதியில்ல'ன்னீங்களே, அவர் நம்ம ஊர்க்காரரா இருந்ததால மூணு தடவை கேட்டாரு. இந்த டாக்டரா இருந்தா நான் தப்பிச்சிருப்பேன். போங்க, போய் வாயைத் திறந்து கேளுங்க!"

கியூமர்ஸ் ஓடினார். பனியில் இரண்டு தடவை வழுக்கினார். அவள் சொன்னது நியாயம்தான், அந்தப் பெயர் தனக்கு வேண்டும், கட்டாயம் வேண்டும். டாக்டர் குடும்பத்தோடு காரில் ஏறிக் கிளம்பும் நேரம். கண்ணாடியை இறக்கினார்.

"சொல்லுங்க, என்ன விஷயம்?"

கியூமர்ஸ் மூச்சு வாங்கினார். "ஒண்ணுமில்ல டாக்டர். மத்தியானம் நம்ம வீட்டுல சாப்பிட்டுத்தான் போகணும்."

"ஓ, வரோமே! நாலு பேர்தான்" என்றார் டாக்டர்.

பின்னாலேயே வந்துவிட்ட மஹ்லகா அதைக் கேட்டாள். வீட்டில் இருந்தது இரண்டு பேருக்கான கறிக்குழம்பு. புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குனிந்து, கார் ஜன்னலில் தலையை விட்டாள்.

"தாராளமா வாங்க. சாப்பிட்டதும் காலண்டர்ல போட இவர் பேரை ஒரு காகிதத்துல எழுதித் தரேன். உங்க பேருக்கு மேலயே போட்ருங்க."

"அதுக்கென்ன, போட்டுட்டாப் போச்சு!" என்றார் டாக்டர் உடனே.

"ஐயோ, அதெல்லாம் எதுக்கு..." என்று கியூமர்ஸ் ஆரம்பித்தார். மஹ்லகா தன் பனி பூட்ஸால் அவர் காலை ஓங்கி மிதித்தாள்.