வாய்க்கா, தலைக்கா

கோவிந்தாபுரத்தில் தமிழ்நாடு-கேரள எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டுவார்கள். தேங்காயெண்ணெய்க்கு மட்டும் அது துல்லியமாகத் தெரியும். மேற்கே போனால் அவியலில் இறங்கும், நேந்திரங்காய் வறுவலில் பொரியும். கிழக்கே பொள்ளாச்சிப் பக்கம் போனால் நேராகத் தலைக்கு ஏறிவிடும். நடுவில் நாங்கள். ரேஷன் கார்டு கேரளம், நாக்கு கொங்கு. குழம்புக்குக் கடலையெண்ணெய், தேங்காயெண்ணெய்க்குக் குளியலறை மாடம்.

இப்படிப்பட்ட வீட்டிலிருந்துதான் என் அண்ணன் தேங்காயெண்ணெய் மில் தொடங்கினார். என் சேமிப்பில் பாதியை நானும் போட்டேன். கவிதைப் புத்தகம் அச்சடிக்கப் போட்டதெல்லாம் காற்றோடு போயிற்று, எண்ணெயில் போட்டது கையிலாவது ஒட்டும் என்று ஒரு நினைப்பு.

அன்றைய சட்டம் இப்படி: சாப்பிடும் எண்ணெய்க்கு ஐந்து சதவீத வரி, கூந்தல் எண்ணெய்க்குப் பதினெட்டு. ஒரே கொப்பரை, ஒரே செக்கு, ஒரே குழாய். அண்ணன் ஐந்துதான் கட்டிவந்தார். ஆனால் லேபிள் அடிக்கப் போன இடத்தில் தென்னை, கொப்பரை, வாணலி என்று எத்தனையோ படம் காட்டியும் அவர் விரல் வைத்தது முழங்கால் வரை கூந்தலை அவிழ்த்துவிட்ட ஒரு பெண்ணின் மேல். வீட்டில் யாருக்கும், எனக்கும்கூட, அது தப்பாகவே படவில்லை. தேங்காயெண்ணெய் என்றால் எங்களுக்குக் கண்ணில் வருவது முடிதானே!

வரி அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் வந்தார். மலையாளி, எங்கள் தமிழைப் புரிந்துகொண்டு சிரிக்கத் தெரிந்தவர். பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது தலையில தேய்க்கிற எண்ணெயல்லே?"

"ஐயோ, இல்லீங்க மேடம். சோத்துக்குங்க."

"பின்னே இந்தப் பெண்ணு எதுக்கு முடியக் காட்டி நிக்குது?"

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "சமைச்சு முடிச்சுட்டு நிக்கறாங்க மேடம்."

நான் வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரித்தால் என் பாதி சேமிப்பும் சேர்ந்து சிரிக்கும். பதினெட்டு என்று முடிவானால் விற்ற பாட்டிலுக்கெல்லாம் வித்தியாசம் கட்ட வேண்டும், அபராதம் வேறு. மில்லை மூடிவிட்டுத்தான் கட்ட முடியும்.

"உங்க வீட்டுல இதிலதான் சமையலா?"

"மூணு நேரமுங்க!"

அந்த நேரம் பார்த்து, மில்லை ஒட்டிய வீட்டிலிருந்து தாளிப்பு வாசம் கிளம்பி வந்தது. கடலையெண்ணெய். மறைக்கவே முடியாத, வறுத்த, கெட்டியான வாசம். மேடம் மூக்கை உயர்த்தி, அதன் பின்னாலேயே நடந்து, சமையலறை வாசலில் போய் நின்றார். அடுப்பருகே அண்ணன் மனைவி. நாங்கள் நங்கையா என்று கூப்பிடுவோம். பொய் சொல்ல வராது, சொன்னாலும் பொருந்தாது.

"சேச்சி, உங்க மில் எண்ணெய் எங்கே?"

"அதுங்களா? பாத்ரூம்ல இருக்குதுங்க."

"சமையலுக்கு?"

"அதுல கொழம்பு வெச்சா இவிய தட்டத் தள்ளி வெச்சுருவாங்க மேடம்."

அண்ணனின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். "உங்க நாக்குக்கு நான் வரி போடறதில்ல, பாட்டிலுக்குத்தான்" என்றவர் அதைத் திருப்பிப் பின்புறம் படித்தார். 'உணவு எண்ணெய்' என்று இருந்தது, உணவு லைசென்ஸ் எண்ணும் இருந்தது. கூந்தல் என்ற சொல் எங்கும் இல்லை, கூந்தல்தான் இருந்தது. "படத்தை மாத்துங்க. நோட்டீஸ் வரும், லைசென்ஸ் வெச்சு பதில் கொடுங்க." வண்டியில் ஏறும்போது, "ஒரு நாள் ஊணு சாப்பிட வருவேன், எந்த எண்ணெய்னு பாக்கறேன்" என்றார்.

வேடிக்கைக்குச் சொன்னது. அண்ணன் அதை அரசாணையாக எடுத்துக்கொண்டார்.

மறுநாளே கடலையெண்ணெய் டின் பக்கத்து வீட்டுக்குக் குடிபோயிற்று. புளிக்குழம்பு, பொரியல், தோசைக்கல் எல்லாம் தேங்காயெண்ணெய். அண்ணன் ஒவ்வொரு கவளத்தையும் தவணை கட்டுவதுபோல் விழுங்கினார். "ஏனுங்க, இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?" என்று நங்கையா கரண்டியோடு நிற்பதில் ஒரு தனி ஆனந்தம் தெரிந்தது. வாசலில் ஜீப் சத்தம் கேட்டால் அண்ணன் சத்தமாகச் சப்புக்கொட்டுவார். பால் வண்டியாக இருக்கும்.

லேபிளில் வாணலி ஏறியது. எங்கள் பதிலை ஏற்றுக்கொண்டார்கள். மில் பிழைத்தது, நானும் பிழைத்தேன். மேடம் சாப்பிட வரவேயில்லை. பிறகு ஒரு நாள் அரசாங்கமே கூந்தல் எண்ணெய்க்கும் ஐந்து என்று இறக்கிவிட்டது. செய்தியைப் படித்ததும் அண்ணன் எழுந்து சமையலறைக்கே போய்விட்டார்.

"இனி நிறுத்திக்கலாம். ரெண்டும் ஒண்ணுதானாம்."

"நெசமாலுமே நல்லாத்தானுங்க இருக்குது" என்றார் நங்கையா, திரும்பிப் பார்க்காமல். "கடலையெண்ண இப்பக் கமறுதுங்க. நான் மாறமாட்டனுங்க."

இப்போதெல்லாம் அண்ணன் கொப்பரை விலை விசாரிக்க அடிக்கடி பொள்ளாச்சி போகிறார். போனில் முடிகிற விசாரணைதான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் போகிறார். திரும்பி வரும்போது முகத்தில் ஒரு நிறைவும், சட்டையில் கடலையெண்ணெய் வாசமும்.