நாகையாவுக்கு லோ போதவில்லை

கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் நாகையா மேற்பார்வையாளர். வாரம் முழுக்கக் கண்டெய்னர்களோடு மல்லுக்கட்டிவிட்டு, சனிக்கிழமை மாலையானால் கறுப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு கிட்டார்காரர் ஆகிவிடுவார். கிள்ளானிலும் சுற்று வட்டாரத்திலும் நடக்கும் கல்யாண விருந்துகளில் எங்கள் இசைக்குழு வாசிக்கும். அவரும் வாசிப்பார். அவர் வாசித்ததைக் கேட்டவர்கள் யாராவது இருக்கிறார்களா என்பது வேறு விஷயம்.

இதைச் சொல்ல எனக்கு முழு உரிமை உண்டு. என் பெயர் குரு. பகலில் காஜாங்கில் கார் இன்சூரன்ஸ் விற்கிறேன். அதே குழுவில் நான் பேஸ் கிட்டார். பேஸ் கிட்டார் என்றால் என்னவென்று கேட்கிறவர்கள் அநேகம் பேர் இருப்பதால் சொல்லிவிடுகிறேன். நான்கு தடித்த தந்திகள், மேடையின் ஓரம், விளக்கு படாத இடம். ஒரு பாட்டுக்கு அடியில் கனமாக ஒன்று ஓடுமே, நெஞ்சுக்கூட்டில் வந்து உட்காருமே, அது என் வேலை. வாசிக்கிறவர்கள் அதை 'லோ' என்பார்கள். கல்யாணத்துக்கு வந்தவர்கள் அதை ஒன்றும் என்பதில்லை. பாடகிக்குப் பொன்னாடை போடுவார்கள், டிரம் வாசிப்பவரோடு படம் எடுத்துக்கொள்வார்கள், என்னிடம் வந்து கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்பார்கள்.

எனக்கு இருந்த ஒரே சொத்து அந்த லோ. நாகையா அதன் மேல்தான் கண் வைத்தார்.

கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கித் தரும் பெட்டிதான் ஆம்ப். அதில் சில குமிழ்கள் இருக்கும். கெயின் என்ற குமிழைத் திருகினால் சத்தம் முரடாகும், கரகரக்கும். பேஸ் என்ற குமிழைத் திருகினால் கனமாகும். நடுவில் மிடில் என்று ஒன்று உண்டு. பத்துப் பேர் சேர்ந்து வாசிக்கும் இடத்தில் கிட்டாரைத் தனியாகக் கேட்கும்படி எடுத்துக் கொடுப்பது அதுதான். நாகையா முதல் இரண்டையும் கடைசிவரை ஏற்றுவார். மிடிலைச் சுத்தமாக மூடிவிடுவார். அது ரேடியோச் சத்தம் மாதிரி இருக்கிறது, ஆண்மையே இல்லை என்பார்.

இந்த ஞானம் அவருக்கு யூடியூபில் கிடைத்தது. கைநிறையப் பச்சை குத்திய ஒருவர் தன் வீட்டு அறையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவார். சுவர் அதிரும். அந்த மனிதருக்குப் பக்கத்தில் டிரம் கிடையாது, கீபோர்டு கிடையாது, ஆட்டுக்கறி பிரட்டலைத் தூக்கிக்கொண்டு குறுக்கே போகிறவர்களும் கிடையாது. நாகையாவும் தன் வீட்டு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்துப் பார்ப்பார். அங்கே அவர் ராஜா. அதே அமைப்போடு எங்கள் நடுவில் வந்து நின்று வாசித்தால் அவர் சத்தம் எங்கே போனதென்றே தெரியாது. கனம் எல்லாம் என் பேஸிலும் டிரம்மிலும் கரைந்துவிடும். மிச்சம் இருப்பது ஈக்கூட்டம் பறக்கிற மாதிரி ஓர் இரைச்சல். கேட்கவில்லையே என்று இன்னும் கெயின் வைப்பார், இன்னும் பேஸ் வைப்பார். குழம்பு புளிக்கிறதென்று மேலும் புளியைக் கரைத்து ஊற்றுகிற கதைதான்.

சுபாங் ஜெயாவில் யாரோ விற்றார்கள் என்று காலால் மிதித்துச் சத்தம் கூட்டும் பெடல் ஒன்று வாங்கினார். செராஸுக்குப் போய் இன்னொன்று வாங்கினார். ஆம்புக்குள் இருந்த வால்வுகளை பிரிக்பீல்ட்ஸில் மாற்றினார். அதுவும் போதாமல், பீரோ உயரத்துக்கு ஒரு ஸ்பீக்கர் பெட்டியை லோரியில் கொண்டுவந்து இறக்கினார். அதைச் சுவர் மூலையில் ஒட்டி வைத்தால் லோ கூடும் என்று அந்தப் பச்சை குத்திய மனிதர் சொல்லியிருக்கிறார். வைத்தார். மறுநாளே பக்கத்து வீட்டு சல்மா அக்கா வந்துவிட்டார். அலமாரியில் கண்ணாடிக் கோப்பைகள் தானாக ஆடுகின்றன, வீட்டுக்காரர் நிலநடுக்கம் என்று வாசலுக்கு ஓடிவிட்டார் என்று புகார். வேறு யாராக இருந்தாலும் மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். நாகையா எனக்கு போன் போட்டார். "குரு, லோ வந்துருச்சு லா" என்றார். குரலில் அப்படி ஒரு பூரிப்பு.

எங்கள் குழுவுக்குத் தலைவர் கோபாலன். கீபோர்டு வாசிப்பவர், சாது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூமாலைக் கடைக்கு மேலே அவருடைய அறையில்தான் ஒத்திகை. பேஸைக் குறைத்து மிடிலை ஏற்றுங்கள் என்று அவர் எத்தனையோ தடவை பதமாகச் சொல்லிப் பார்த்தார். நாகையா காதில் போட்டுக்கொள்ளவில்லை. காதில் போட்டுக்கொள்ளவும் முடியாது. அவர் ஆம்பின் சத்தம் அவருக்கே தாங்காமல் இரண்டு காதிலும் பஞ்சு அடைத்துக்கொண்டுதான் நிற்பார். நான் ஒருமுறை கோபத்தில் கேட்டேவிட்டேன், கிட்டாரும் லோ வாசித்தால் நான் என்ன, மேடைக்கு அலங்காரத்துக்கு வைத்த வாழைமரமா என்று. எல்லாருக்கும் இடம் இருக்கிறது என்று நாகையா பெரிய மனது பண்ணினார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அவர் மகள் அர்ச்சனாவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. நல்ல பெண். கோலாலம்பூரில் ஒரு பல் மருத்துவமனையில் வேலை. அவள் அப்பாவிடம் நகை கேட்கவில்லை, புடவை கேட்கவில்லை. ஒத்திகை அறைக்கே வந்து, எங்கள் எதிரிலேயே சொன்னாள்.

"அப்பா, விருந்து அன்னைக்கு நான் உள்ள வரப்ப நீங்க வாசிக்கணும். எனக்குக் கேக்கணும் பா."

அந்தக் கடைசி வரியைக் கேட்டதும் நாகையாவின் முகம் இருண்டது. இத்தனை வருடமாக நாங்கள் எல்லாரும் மாறி மாறிச் சொல்லியும் ஏறாதது, மகள் யதார்த்தமாகச் சொன்ன ஒரு வார்த்தையில் ஏறிவிட்டது. அப்படியானால் இதுவரை கேட்கவே இல்லையா என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். எனக்கே பாவமாகிவிட்டது. ஊரார் பெண்கள் எத்தனையோ பேர் உள்ளே வரும்போது வாசித்தவர். சொந்த மகள் வரும்போதும் ஈக்கூட்டமாக நின்றுவிட்டால் அந்த மனிதர் அதற்கப்புறம் கிட்டாரைத் தொடமாட்டார் என்று எனக்குத் தோன்றியது. மிடிலை ஏற்றுங்கள் அண்ணே என்று மறுபடியும் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, இன்னொரு பெடல் வாங்கினார்.

வீட்டில் வேறு சண்டை. பெண்ணின் அப்பா வாசலில் நின்று பன்னீர் தெளித்து வருகிறவர்களைக் கும்பிட வேண்டுமா, மேடையில் கறுப்புச் சட்டையோடு ஆட வேண்டுமா என்று அவர் மனைவி கேட்டார். நியாயமான கேள்வி. நாகையா ஒற்றைக்காலில் நின்றார். பெரிய மனிதர்கள் வந்து சேரும்வரை வாசலில் நிற்பது, மணமக்கள் உள்ளே வரும் நேரத்தில் மேடைக்கு ஓடுவது என்று கடைசியில் முடிவானது.

நம் கல்யாண விருந்துகளில் மணமக்கள் உள்ளே வருவதென்பது ஒரு தனிச் சடங்கு. தாலி கட்டுவதுகூட இரண்டாம் பட்சம். மண்டபத்தின் கதவுகளைச் சாத்தி, மணமக்களை வெளியே நிறுத்திவிடுவார்கள். விளக்கை அணைப்பார்கள். அறிவிப்பாளர் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் ஒரே விஷயத்தைச் சொல்லுவார். இசை தொடங்கும். புகை மெஷின் தரையெல்லாம் வெண்புகையைப் பரப்பும். கதவு திறக்கும். மேகத்தில் மிதந்து வருவதாக ஐதீகம்.

அந்த இசைக்கு நாகையா தானே ஒரு மெட்டுப் போட்டார். முழுக்கத் தடித்த தந்திகளில், திரும்பத் திரும்ப வரும் சின்ன மெட்டு. ஸ்வரம் தப்பாமல் நான் வாசிக்கப்போகும் அதே மெட்டு. இது என் பாகம் அல்லவா என்று கோபாலனிடம் முறையிட்டேன். "மக கல்யாணம் லா, விட்டுக் குடுங்க" என்றார். வயிறு எரிந்தது. இருந்தாலும் விட்டேன்.

விருந்து நாளன்று கிள்ளான் மண்டபத்துக்கு ஆம்ப், பீரோ ஸ்பீக்கர், பெடல்கள் எல்லாம் லோரியில் வந்திறங்கின. ஒலி அமைப்பாளர்கள் எங்கள் எல்லாருக்கும் அவர்களுடைய இணைப்பிலிருந்து மின்சாரம் கொடுத்தார்கள். நாகையா வேண்டாம் என்றுவிட்டார். பொதுக் கரண்டில் லோ மெலிந்துவிடுமாம். வீட்டிலிருந்து கொண்டுவந்த எக்ஸ்டென்ஷன் கட்டையை மேடைக்குப் பின்னால் சுவரில் தனியாகச் சொருகினார். சோதனைக்கு ஒரு தட்டுத் தட்டினார். சாப்பாட்டு மேசையில் கரண்டிகள் குதித்தன. சமையல்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நாகையா திருப்தியாகப் பன்னீர்ச் செம்பைத் தேடி வாசலுக்குப் போனார்.

புகை மெஷின்களையும் அவர்தான் சொல்லியிருந்தார். மற்ற பெண்களுக்கெல்லாம் ஒன்று, தன் மகளுக்கு இரண்டு. மெஷின்காரர் சொருக இடம் தேடி வாசலில் நின்ற பெண்ணின் அப்பாவிடமே போய்க் கேட்டிருக்கிறார். பெண்ணின் அப்பா என்ற பெருமையில் அவரும், பின்னால் என் கட்டை ஒன்று இருக்கிறது, அதில் சொருகிக்கொள்ளுங்கள் பாஸ் என்று தாராளமாகச் சொல்லியிருக்கிறார். கிட்டார் வாசிக்கிற நாகையாவைக் கேட்டிருந்தால் கொன்றே போட்டிருப்பார்.

டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் ஒருவர் வரவேண்டியிருந்தது. அவருக்காக எல்லாரும் பசியோடு காத்திருந்தோம். அவர் வந்து உட்கார்ந்ததும் நாகையா வேர்க்க விறுவிறுக்க மேடைக்கு ஓடிவந்தார். ஆம்பைப் போட்டார், காதில் பஞ்சை அடைத்தார், கண்ணை மூடிக்கொண்டார். விளக்கு அணைந்தது. டிரம் குச்சி தட்டியது. அதையே தனக்குச் சைகை என்று எடுத்துக்கொண்டு மெஷின்காரர் இரண்டையும் ஒன்றாக அழுத்தினார்.

பின்னால் டக் என்று ஒரு சின்னச் சத்தம். புகை ஒரு கொட்டாவி அளவுக்கு வந்து நின்றது. திரும்பிப் பார்த்தேன். இரண்டு மெஷினையும் சேர்த்து அந்த ஒற்றைக் கட்டை தாங்கவில்லை; நாகையாவின் ஆம்பில் எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கு இல்லை.

முதல் ஸ்வரமே இன்னும் விழவில்லை. இப்போது நான்தான் வாசிக்க வேண்டும், வாசித்தேன். நாகையா தலையை ஆட்டி ஆட்டி அதே மெட்டைத் தன் உயிரற்ற கிட்டாரில் அடித்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியவில்லை. பஞ்சு அடைத்த காதுக்கு, இருட்டில், பக்கத்திலிருந்து அதே மெட்டு நெஞ்சில் வந்து மோதினால் யாருக்குத்தான் தெரியும்? கோபாலன் என்னைப் பார்த்தார். நான் என் ஆம்பின் குமிழைக் கடைசிவரை திருகினேன். அன்பினால் செய்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எத்தனை வருடத்துக்குப் பிறகு எனக்கு இடம் கிடைத்திருக்கிறது! மண்டபம் முழுக்க என் சத்தம்தான். தரை அதிர்ந்தது. வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் வாசித்ததில்லை.

கதவு திறந்தது. அர்ச்சனா மாப்பிள்ளையின் கையைப் பிடித்தபடி புகை இல்லாத வெறும் தரையில் நடந்து வந்தாள். அழுதுகொண்டே வந்தாள். அப்போது எனக்குக் காரணம் புரியவில்லை. புகைக்காகத்தான் அழுகிறாளோ என்று நினைத்தேன்.

கேக் வெட்டி முடித்ததும், பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேராக எங்கள் மேடைக்கு ஏறி வந்தாள். நாகையா காதுப் பஞ்சை எடுத்தார்.

"கதவு மூடியிருக்கறப்பவே கேட்டுச்சு பா. பாட்டு ஒண்ணும் கேக்கல, உங்க தும் தும் மட்டும்தான். சின்னதுலேருந்து என் ரூம்ல படுத்திருக்கப்ப சுவத்துக்கு அந்தப் பக்கமிருந்து அதானே கேக்கும். வெளிய நிக்க ஒரே பயமா இருந்துச்சு. அது கேட்டதும் அப்பா உள்ள இருக்காங்கன்னு தோணிச்சு. அப்புறம் நடந்துட்டேன்."

நாகையா குலுங்கிக் குலுங்கி அழுதார். கறுப்புச் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். கோபாலன் கீழே குனிந்து, கழன்றே போகாத ஒரு வயரை மாட்டத் தொடங்கினார். எனக்கு மட்டும் தலையிலிருந்து கால்வரை பற்றி எரிந்தது. என்னுடையதை ஒருவர் முதல்முறையாகக் கேட்டிருக்கிறார். கேட்டு அழுதிருக்கிறார். அது என்னுடையது என்று அர்ச்சனாவுக்குத் தெரியாது. மேடைக்குப் பின்னால் இருக்கும் கட்டையைக் காட்டினால் போதும், ஒரு வாக்கியம்கூட வேண்டாம்.

நாகையா என் பக்கம் திரும்பினார். கண்ணில் நீரோடு சிரித்தார்.

"பாத்தீங்களா குரு? நான் அன்னைலேருந்து சொல்றது இதான் லா. இனிமே உங்க பேஸைக் கொஞ்சம் இறக்கி வைங்க. அப்பத்தான் என்னோடது நல்லா எடுத்துக் குடுக்கும்."

அர்ச்சனா அவர் கையை விடவே இல்லை. கண்மை கன்னத்தில் இறங்கியிருந்தது. நான் இரண்டடி நகர்ந்து, விளக்கு எரியாத அந்த ஆம்பை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"இறக்கிக்கறேன் அண்ணே" என்றேன்.