அசையாமல் இருந்தவள்

கொழுந்து எடுப்பவளின் கண்ணுக்கு ஒரே ஒரு பச்சைதான் தெரியும். முற்றிய இலைக்கு மேலே மஞ்சள் கலந்து நிற்கும் துளிர்ப் பச்சை. மற்றதையும் கண் பார்க்கத்தான் செய்யும். மண்டை வேண்டாமென்று தள்ளிவிடும். இல்லாவிட்டால் கை அந்த வேகத்தில் போகாது. எங்கள் தோட்டத்தில் என்னைவிட வேகமாக எடுப்பவள் இல்லை என்ற திமிர் எனக்கு உண்டு.

அந்தத் திமிர்தான் ஒருநாள் என் கையைப் பச்சை விரியனிடம் கொண்டுபோனது. பக்கத்து நிரையில் நின்ற என் தங்கச்சி, "அக்கா, கைய எடு!" என்று கத்தினாள்.

"எங்கடி?"

"அந்தா, ஒனக்கு நேரா."

செடியின் மட்டம் பார்க்க வைத்திருக்கும் கம்பை நீட்டிக் காட்டினாள். எனக்கு இலையும் காம்பும்தான் தெரிந்தன.

"ஐயோ, மொகத்துல இருக்கறது கண்ணா, பொத்தானா?"

அப்புறம்தான் தெரிந்தது. ஒரு சாண் தூரத்தில், இலையோடு இலையாகச் சுருண்டு கிடந்தது. தெரிந்த பிறகு அதைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

பிறகு பல நாள் எனக்கு எல்லாக் காம்பும் பாம்புதான். கை ஓடவில்லை. "என்னா தாயி, கொழுந்து எடுக்கிறியா, பேன் பாக்கிறியா?" என்று கங்காணி கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். தங்கச்சி மட்டும் அருகில் வந்து சொன்னாள்:

"பச்சைக்குள்ள பச்சையத் தேடுனா எப்புடிக் கெடைக்கும்? காத்தடிக்கையில பாரு. செடி பூரா ஆடும். எது ஆடலையோ அதுதான்."

அன்றிலிருந்து அப்படித்தான் பார்த்தேன்.

இலங்கை சுதந்திரமாகிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. குடியுரிமை கிடையாது என்று காகிதம் வந்ததும், தங்கச்சி புருஷன் வீட்டார் இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எங்களுக்கு ஆத்தாவும் இல்லை, அப்பனும் இல்லை. அவள் போனால் எனக்கு யார்? அழுதிருக்கலாம். நான் அழவில்லை. "போறதுன்னா போ. இனி என் மூஞ்சியில முழிக்காத" என்று சொல்லிவிட்டேன். பத்து நாள் பக்கத்துப் பக்கத்து நிரையில் நின்றும் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குக் கோபம் வந்தால் அப்படித்தான், பாழாய்ப்போன கோபம்.

அவள் புறப்பட்ட காலையிலும் வீம்பாக, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்தேன். பத்து மணிக்கு மேல் முடியவில்லை. கூடையை அப்படியே மலையில் வைத்துவிட்டு ஓடி, பஸ் பிடித்து ஹட்டன் ஸ்டேஷனுக்குப் போனேன். ஒரு வார்த்தை பேசினால் போதும் என்றிருந்தது.

ரயில் நின்றிருந்தது. ஜன்னலெல்லாம் கைகள், கதறல். நான் கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுத்த சிவப்புச் சேலையைத் தேடினேன். என்னைக் கண்டு ஆடும் ஒரு கையைத் தேடினேன். அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் மூன்று முறை ஓடினேன். ரயில் கிளம்பிவிட்டது. அவள் எந்தப் பெட்டியில் இருந்தாள் என்றுகூடத் தெரியவில்லை. கூட்டம் கலைந்த பிறகும் வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

நான்கு மாதம் கழித்து அவள் கடிதம் வந்தது.

"அக்கா, டேசன்ல நீ வந்தத பாத்தேன். பழைய சேலையில ஜன்னலோரத்துலதான் இருந்தேன். கைய ஆட்டல, கூப்புடல. மூஞ்சியில முழிக்காதன்னு சொன்னியே, நாமளா கூப்புட்டா திரும்பிப் போயிருவியோன்னு பயம். அசையாம ஒன்னையே பாத்துக்கிட்டிருந்தேன். நீ மூணு தடவ என் மொகத்த நேராப் பாத்த. மூணு தடவயும் மொகத்தத் திருப்பிக்கிட்ட. பரவால்ல அக்கா. நாங்க இன்னும் ஒரு எடத்துல நெலைக்கல. எடம் கெடைச்சதும் வெலாசம் எழுதுறேன்."

அதன்பின் கடிதம் வரவில்லை. அவள் நிரையில் வேறொருத்தியை விட்டார்கள்.

உன்னை நான் பார்க்கவே இல்லையடி, பாவி, என்று எழுத எனக்கு விலாசம் இல்லை.