ஒத்திகைப் பிணத்துக்கு வந்த ஒப்பாரி

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரிந்துதான் ஆரம்பிக்கிறேன். சிரிக்க வைப்பது என் தொழில்களில் ஒன்று. வாரப் பத்திரிகைக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறேன். மற்றது, ஹட்டன் பஜாரில் அப்பா விட்டுப்போன புத்தகக் கடை. அந்தக் கடையில் பேய், முனி, காட்டேரி எல்லாவற்றுக்கும் தனியாக ஒரு தட்டு உண்டு. அத்தனையையும் படித்தவன் நான். ஒன்றுகூட எனக்கு ஒரு கொட்டாவிக்கு மேல் எதையும் தந்ததில்லை. பேயைக் கண்டேன் என்று வருகிறவர்களிடம், "அடுத்த தடவை பார்த்தா நம்ம கடைப் பக்கம் அனுப்புங்க, அங்கதான் கூட்டமே இல்ல" என்று சொல்லி அனுப்புவேன். அப்படிப்பட்டவன் இப்போது சொந்தத் தங்கை மகளோடு ஒரே வாகனத்தில் ஏற மாட்டேன் என்று அடம்பிடிக்கிறேன் என்றால் காரணம் இருக்க வேண்டுமல்லவா? அதைத்தான் சொல்லப் போகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

என் தங்கை சரோஜா றொசல்லையில் இருக்கிறாள். ரயில் பாதைக்கு மேலே சின்ன வீடு. புருஷன் காலமான பிறகு அவளுக்கு எல்லாமே மகள் கவிதாதான். அந்தக் கவிதா கொழும்பில் சினிமா படிக்கிறாள். கடைசி வருஷத்தில் ஆளுக்கொரு குறும்படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். எங்கள் கவி திகில் படம் எடுப்பேன் என்றாள். தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், ஒருவர் செத்துக் கிடக்கிறார், இழவு வீட்டுக்கு வந்தவர்களில் ஒருவர்தான் கொலைகாரர், அது யார் என்பது கதை. மோசமில்லை என்று நினைத்தேன். என்னிடம் வந்து குழைந்தாள்.

"மாமா, ஒங்களுக்கு மெயின் ரோல் வச்சிருக்கேன். படம் முழுக்க வருவீங்க."

"வசனம் எத்தன பக்கம்?"

"வசனம் இல்ல மாமா."

"சண்டை?"

"அதுவும் இல்ல. படுத்துக்கிட்டே இருந்தா போதும்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. என் மனைவி உள்ளேயிருந்து, "அதுக்கு இவருக்கு ஒத்திகையே வேணாம், ஞாயித்துக்கெழமையில வந்து பாரு" என்றாள். இப்படியாகத்தான் நான் பிணமானேன்.

படப்பிடிப்பு என்பது கடைசி வேலை, அதற்கு முன்னால் இருப்பதுதான் பெரும்பாடு என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். இடம் பார்க்க வேண்டும், தோட்டத்தை நடத்துகிற துரையிடம் அனுமதி கேட்க வேண்டும், எந்த மூலையில் எந்த நேரம் வெளிச்சம் வரும் என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, பிணம் பிணமாகத் தெரிகிறதா என்று முன்கூட்டியே படம் பிடித்து விரிவுரையாளருக்கு அனுப்ப வேண்டும். அவர் சரி என்றால்தான் காமெரா கிடைக்கும். அவர் ஏற்கனவே கவியின் ஒரு கதையைத் திருப்பி அனுப்பியிருந்தார். இதுவும் போனால் ஒரு வருஷம் வீண். அவள் அம்மா தையல் மெஷினோடு இன்னொரு வருஷம் மாரடிக்க வேண்டும்.

நானுஓயாவுக்குப் போகிற வழியில் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம், அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள். கீழே புது வீடுகள் கட்டிக் கொடுத்ததால் மேலே பழைய லயம் ஒன்று பூட்டிக் கிடந்தது. கவிக்கு அது பிடித்துவிட்டது. ஒரே ஒரு சிக்கல், ஒப்பாரி வைக்க ஆள் கிடைக்கவில்லை. அந்தத் தோட்டத்தில் புஷ்பம் என்றொரு அம்மா நன்றாக ஒப்பாரி வைப்பார் என்று கேள்விப்பட்டு, கவியும் நானும் அவர் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு வரும்வரை காத்திருந்து கேட்டோம். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பொணம் இவருதானா?"

"ஆமாங்கம்மா, நடிப்புக்குத்தான்."

"நல்லா ரெண்டு காலுல நிக்கிறாரு. உசுரோட இருக்கிற மனுசனுக்கு ஒப்பாரி வக்கச் சொல்றியே, ஒனக்கு வெவரம் இருக்கா பாப்பா? நாங்க கூப்புட்டா கேக்குற எடத்துல கேட்டுருமில்ல."

"இவர யாரும்மா கூப்புடப் போறாங்க?" என்று கவி சிரித்தாள். புஷ்பம் சிரிக்கவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஒப்பாரி இல்லாமலே முதலில் பிணத்தை மட்டும் எடுத்துப் பார்ப்போம் என்று கவி முடிவு செய்தாள்.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று பேர் அந்த லயத்துக்குப் போனோம்: கவி, நான், அவளோடு படிக்கிற நிரோஷன். அவன்தான் காமெராமேன். வெளியே மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. தேயிலைச் செடிகள் ஒவ்வொரு வரிசையாகக் காணாமல் போவதைப் பார்த்துக்கொண்டே நான் வேட்டி மாற்றினேன். லயத்தின் கடைசி அறையில் ஆள் படுக்கிற நீளத்தில் ஒரு மர வாங்கு கிடந்தது. கவி எல்லாவற்றையும் முறைப்படி செய்தாள். வாங்கைத் தெற்கே தலை வரும்படி திருப்பினாள், தலைமாட்டில் விளக்கேற்றினாள், ஊதுபத்தி வைத்தாள். வெளிச்சம் பார்க்கவேண்டும் என்று, நான் முகத்துக்குப் பவுடர் அப்பிக்கொண்டிருந்தபோது, அவளே முதலில் அந்த வாங்கில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டு படுத்தாள். நிரோஷன் அவள் முகத்தை வைத்து போனில் எல்லாம் சரிபார்த்தான். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பிறகு நான் படுத்தேன். கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டினாள். நெற்றியில் காசு வைத்தாள். தாடையைச் சுற்றித் துணி கட்டினாள். என் மனைவி பார்த்திருந்தால் அந்தத் துணியை அப்படியே விட்டுவிடச் சொல்லியிருப்பாள்.

நிரோஷன்தான் சொன்னான்: "அங்கிள், கட் சொன்னதும் எந்திரிச்சிறாதீங்க. படுத்தபடியே காமெராவ பாத்து ஒருக்கா சிரிக்கணும். செத்த மாதிரி நடிச்சவங்க எல்லாம் அபசகுனம் கழியட்டும்னு அப்படித்தான் செய்வாங்க. நா அசிஸ்டெண்டா போன எடத்துல பெரிய ஆக்டரே செஞ்சாரு."

"இது டெஸ்ட்தானேடா" என்றாள் கவி. "ஷூட்டிங் அன்னைக்குச் செய்வோம். வெளிச்சம் போகுது."

நானும் கட்டிய தாடையோடு, "எனக்குச் சிரிக்க வைக்கத்தான் வரும் தம்பி, சிரிக்க வராது" என்று ஒரு நகைச்சுவையை உதிர்த்துவிட்டுக் கண்ணை மூடினேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. தகரக் கூரையில் பனி சேர்ந்து சொட்டுகிற சத்தம். கவி "ரெடி" என்று சொன்னது கேட்டது. பிறகு யாரோ ஒரு பெண் உள்ளே வந்து என் காது அருகே உட்கார்ந்தாள். சேலைச் சத்தம் கேட்டது, வாங்கின் விளிம்பில் கை விழுந்த அதிர்வு என் முதுகில் தெரிந்தது. அப்புறம் ஒப்பாரி ஆரம்பித்தது.

முதல் அடியிலேயே எனக்குக் குரல் பிடிபட்டுவிட்டது. சரோஜா. அடடா, கடைசியில் அம்மாவையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாளே, என்னிடம் சொல்லாமல் மறைத்தாளே என்று உள்ளுக்குள் மெச்சினேன். ஏனென்றால் சரோஜா நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள். எங்கள் அம்மா செத்தபோதுகூட மூலையில் உட்கார்ந்து விம்மியவள். அவளுக்கு இப்படியொரு ஒப்பாரி வருமென்று நான் கனவிலும் நினைத்ததில்லை. குரல் மட்டும் கொஞ்சம் உடைந்து, கரகரத்து, அடியில் கல் உரசுவதுபோல் இருந்தது. அழுது அழுது அப்படி ஆகியிருக்கும், நன்றாக நடிக்கிறாள் என்று நினைத்தேன். நான்தான் விமர்சகன் ஆயிற்றே, படுத்துக்கொண்டே மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒன்று உறுத்தியது. பிறந்ததிலிருந்து என்னை "நீங்க" என்றே கூப்பிடுகிறவள், இப்போது "நீ" என்றாள். "கூடப் பொறந்த அண்ணே, ஒத்தையில என்ன விட்டுட்டியே" என்றாள். செத்தவர்களை அப்படித்தானே பாடுவார்கள், அதையும் கவனித்துச் செய்கிறாளே என்று அதற்கும் மதிப்பெண் கொடுத்தேன்.

அதற்கு அடுத்த வரிக்குத்தான் என்னால் மதிப்பெண் போட முடியவில்லை.

"போறது நீ போன அண்ணே, எம்புள்ளையையும் ஏன் கூட்டிட்டுப் போன? ஏறும்போது ரெண்டு பேரா ஏறுனீங்களே, எறக்கும்போது ரெண்டு பேரையும் தூக்கித்தானே எறக்குனாங்க."

இது கதையில் இல்லை. கவியின் கதையில் செத்தவனுக்குத் தங்கையும் இல்லை, தங்கை மகளும் இல்லை. எந்தத் தாயும் நடிப்புக்காகக்கூட அப்படி ஒரு வார்த்தையைச் சொல்ல மாட்டாள். கண்ணைத் திறக்கப் பார்த்தேன். உங்களிடம் பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது, இமை பிரியவில்லை. கால் விரலை அசைக்கப் பார்த்தேன், கட்டியிருந்தது. "கட்" என்று கவி சொன்ன பிறகுதான் கண் திறந்தது. நெற்றிக் காசு எங்கேயோ உருள, தடுமாறி எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

அறையில் அவர்கள் இருவர்தான். வாங்குக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

"அம்மா எங்க?" என்றேன்.

"எந்த அம்மா?"

"ஒங்கம்மாதான். இப்ப அழுதாளே."

கவி நிரோஷனைப் பார்த்தாள். "மாமா, அம்மா றொசல்லயில இருக்காங்க. தூங்கிட்டீங்களா? ஆனா பயங்கரமா நடிச்சீங்க, மூச்சு விடுறதே தெரியல."

போனில் போட்டுக் காட்டினார்கள். கூரை சொட்டுகிறது, ஊதுபத்தி புகைகிறது, எந்த அழுகையும் இல்லை. நான் கிடக்கிறேன். அவள் சொன்னது சரிதான், மூச்சே தெரியவில்லை. கடை மாடிப்படி ஏறினாலே புஸ்ஸென்று இரைக்கிறவன் நான்.

நிரோஷன் மட்டும் மெல்ல, "அங்கிள், சிரிக்கவே இல்லையே, இப்பவாவது படுத்து ஒருக்கா சிரிச்சிருங்களேன்" என்றான். நானும் மறுபேச்சில்லாமல் படுத்தேன். காமெராவைப் பார்த்தேன். என்னால் முடிந்ததைச் செய்தேன். போனை எட்டிப் பார்த்த கவியின் முகம் மாறியது. "வேணாம் மாமா, எந்திரிங்க. அது சிரிப்பு மாதிரி இல்ல" என்று சொல்லி, அதை உடனே அழித்துவிட்டாள். நீயும் ஒரு தடவை படுத்துச் சிரி என்று அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. என்ன காரணம் சொல்வது?

பாதைக்கு இறங்கி சிக்னல் கிடைத்ததும் சரோஜாவுக்குப் போன் எடுத்தேன். அவள் வீட்டில்தான் இருந்தாள். பின்னால் தையல் மெஷினின் சத்தம்கூடக் கேட்டது.

"என்னண்ணே, படம் புடிச்சாச்சா?"

குரல் கட்டியிருந்தது.

"தொண்டைக்கு என்ன?"

"தெரியலண்ணே. காலையில நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப கொஞ்ச நேரத்துக்கு முந்தி தச்சுக்கிட்டே இருந்தேன், அப்படியே கட்டிருச்சு. கத்திக் கத்திப் பேசுன மாதிரி வலிக்குது. பனிதானே, கொத்தமல்லி போட்டுக் குடிச்சிருக்கேன்."

அன்றைக்கு அவர்கள் பிடித்த முச்சக்கர வண்டியில் நான் ஏறவில்லை. வயிறு சரியில்லை, நடந்தால்தான் நல்லது என்று உலகத்தில் எந்த வைத்தியரும் சொல்லாத ஒன்றைச் சொல்லி, பஸ் தரிப்பிடம் வரை நனைந்துகொண்டே நடந்தேன்.

விரிவுரையாளருக்குப் பிணம் மிகவும் பிடித்துவிட்டது. இதே ஆள்தான் வேண்டும், மாற்றக் கூடாது என்று சொல்லிக் காமெராவுக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். எழுதி எழுதிக் கிடைக்காத பாராட்டு, செத்துக் கிடந்ததற்குக் கிடைத்தது. கவி சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். அதன்பிறகு படப்பிடிப்புக்கான ஏற்பாடுகள். ஹட்டனில் எல்லோரும் ஒரே வேனில் ஏறுவது என்று அவள் திட்டம் போட, நான் ரயிலில் நானுஓயாவுக்குப் போய்விடுகிறேன் என்றேன். திரும்பி வரும்போது? அதுவும் ரயில். ரயில் ஓடாவிட்டால்? அப்படியே படுத்துக்கொள்கிறேன், பழக்கம்தானே என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"மாமா, எம்மேல ஏதும் கோவமா? நா ஒங்கள நம்பித்தான் இத பண்றேன். புடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிருங்க."

என்ன சொல்வேன்? உன் அம்மா உனக்கும் சேர்த்து ஒப்பாரி வைத்தாள் என்றா? விலகிவிட்டால் அவள் படம் போச்சு. போனால்... நான் பிணமாக நடிப்பதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அவளோடு ஒரு வண்டியில் ஏறக் கூடாது, அவ்வளவுதான். அதை மட்டும் பிடித்துக்கொண்டு இத்தனை நாளும் ஓட்டிவிட்டேன்.

அடுத்த கிழமை படப்பிடிப்பு. நேற்று சரோஜா போன் எடுத்தாள். மண் சரிந்து ரயில் பாதை மூடிக் கிடக்கிறதாம், திறக்க நாளாகுமாம். "வேன்காரப் பையன் புதுசுண்ணே. கவிய அந்தப் பாதையில தனியா அனுப்ப எனக்குப் பயமா இருக்கு. நீங்க அவ கூடவே ஏறி, கூடவே வந்துருங்க. நீங்க இருந்தா எனக்கு ஒரு தைரியம்" என்றாள்.

அவள் சொன்னதைவிட, சொன்ன குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் தொண்டை இன்னும் சரியாகவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறார். ஒவ்வொரு தடவை போன் எடுக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரகரப்பு கூடுகிறது, அடியில் கல் உரசுகிறது. அன்றைக்கு வாங்கில் கிடந்து நான் கேட்ட குரலுக்கும் நேற்றுக் கேட்டதற்கும் இன்னும் ஒரு மயிரிழைதான் வித்தியாசம்.