நமீப் மணலில் நடந்து போன அடையாளம்

என்னிடம் படித்த மாணவி ஒருத்தி வரும் ஆகஸ்டில் கணவரோடு நமீபியா போகிறாள். "சார், நீங்க அந்தப் பக்கம் போயிருக்கீங்களாமே, கொஞ்சம் எழுதுங்களேன்" என்றாள். போனது 1954-இல். அப்போது நான் ஆசிரியராகவில்லை. ராயபுரத்திலிருந்து கிளம்பி, ஒரு சரக்குக் கப்பலின் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வயது இருபத்தொன்று. ஆகவே விடுதி வாடகை, விமான நேரமெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். அந்த மணல் எப்படியிருக்கும், அங்கே எதில் ஏமாறுவோம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

டின் மீன் ஏற்றுவதற்காகக் கப்பல் வால்விஸ் பே துறைமுகத்தில் இரண்டு நாள் நின்றது. இரண்டாம் நாள் எனக்கும் அந்தோணிக்கும் பிற்பகல் மூன்று மணி வரை கரையிறங்க அனுமதி கிடைத்தது. அந்தோணி காசிமேட்டு மீனவர் வீட்டுப் பிள்ளை. கப்பலில் கயிறு இழுக்கும் வேலை. மூன்று மணிக்குள் ஏறாவிட்டால், கப்பலை விட்டு ஓடியவன் என்று அவனுடைய வேலைப் புத்தகத்தில் எழுதிவிடுவார்கள். அப்புறம் எந்தக் கப்பலும் சேர்த்துக்கொள்ளாது. நான் எப்படியும் ஊர் திரும்பிப் படிக்க இருந்தவன். அவனுக்கு அந்தப் புத்தகம்தான் எல்லாம்; அவன் சம்பளத்தில் வீட்டில் ஐந்து பேர் சாப்பிட்டார்கள்.

நிறம் பார்த்து இடம் ஒதுக்கிய காலம் அது. ஊருக்குள் தேநீர்க் கடையில்கூட எங்களுக்கு நாற்காலி கிடையாது. அதனால்தான் ஊருக்கு வெளியே போகும் லாரியைத் தேடினோம். யோனாஸ் என்ற கறுப்பின ஓட்டுநர், இருபது மைல் தள்ளியிருந்த ரூய்பாங்குக்குத் தண்ணீர்க் குழாய்கள் ஏற்றிப்போனார். ஆளுக்கு இரண்டு ஷில்லிங் வாங்கிக்கொண்டு ஏற்றிக்கொண்டார்.

காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். ஊரை மூடியிருந்த பனி தோசை மாவைப் போலக் கெட்டியாக இருந்தது. கடற்கழியோரம் அது சற்று விலகியபோது ஆயிரக்கணக்கில் பூநாரைகள் தெரிந்தன. பழவேற்காட்டில் பார்த்திருக்கிறேன்; இங்கே தண்ணீரே இளஞ்சிவப்பாக இருந்தது. ஏழே முக்காலுக்கு ரூய்பாங்க். வறண்ட ஆற்றுப்படுகை, அதன் கரையில் மரங்கள், எதிர்க்கரையிலிருந்தே மணல்மலை.

"பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவேன்" என்று யோனாஸ் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னார். "பத்துக்கு மேல் காற்று எழும்பும். காலடித் தடம் நிற்காது."

எண்ணூர்க் கடற்கரையின் மணல்மேடுகள் எனக்குப் பழக்கம். அவை இதன் முன்னால் சுண்டல் பொட்டலங்கள். நான்கு தென்னைகளை ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தினால் எவ்வளவு உயரமோ, அவ்வளவு. ஓரடி ஏறினால் அரையடி சறுக்கியது. உச்சியில் கருவண்டு ஒன்று தலைகீழாக நின்றது. பனி அதன் முதுகில் துளியாகத் திரண்டு வாய்க்கு வழிந்தது. மழையில்லாத ஊரில் தன் முதுகையே கூரையாக்கித் தண்ணீர் பிடிக்கிறது! அதன் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்த நான் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

இரண்டாவது மேட்டின் உச்சியை அடைந்தபோது மணி ஒன்பதரை. பனி விலகியது. தெற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை சிவந்த அலைகள், அசையாத அலைகள்.  அப்புறம்தான் காலடித் தடம் நினைவுக்கு வந்தது.

"இன்னா மாமு பயந்துக்கினு கீற? கடல்ல காலடி வெச்சிக்கினா போறோம்?" என்றான் அந்தோணி.

காசிமேட்டுக்காரர்கள் கரை திரும்ப இரண்டு அடையாளம் வைப்பார்கள்: கிட்டே மாதா கோயில் கோபுரம், எட்டத்தில் பேசின் பிரிட்ஜ் மின்நிலையத்தின் புகைபோக்கி. ஒன்றின் பின்னால் மற்றொன்று மறைந்தால் படகு சரியான வழியில் இருக்கிறது. கரும்பலகையில் இரண்டு புள்ளி வைத்துக் கோடு போடுவது போல. இங்கே அவனுக்கு எட்டத்தில் ஒரு கருங்குன்று கிடைத்தது. கிட்டே, நாங்கள் கடந்துவந்த முதல் மேட்டின் உச்சியில், நட்டுவைத்தது போல ஒரு கம்பு.

ஒரு மணி நேரம் அங்கேயே சுற்றினோம். சொன்னபடி காற்று எழும்பித் தடத்தையெல்லாம் துடைத்துவிட்டது. அந்தோணி கவலைப்படவில்லை. கம்பையும் குன்றையும் ஒன்றாகச் சேர்க்க, உச்சியிலேயே நெடுந்தூரம் பக்கவாட்டில் நடந்தான். சேர்ந்ததும் இறங்கினோம். பள்ளத்திலிருந்து குன்று தெரியாது. கம்பைப் பார்த்தே நடந்தோம். மணி பதினொன்றேகால்.

கம்பு குனிந்தது.

அந்தோணி நின்றுவிட்டான். அது திரும்பியபோது ஒரு கம்பு இரண்டாயிற்று. அதுவரை உடல் உச்சிக்கு அப்பால் மறைந்திருந்தது; இப்போது ஈட்டி போன்ற இரு நேர்கொம்புகள், கறுப்பு வெள்ளை முகம். ஓரிக்ஸ் மான். காற்று வாங்க உச்சியில் மணிக்கணக்கில் சிலையாக நிற்குமாம். ஆனாலும் நாங்கள் சுற்றிய நேரத்தில் அது மேய்ந்துகொண்டே எவ்வளவு நகர்ந்ததோ!

"நடக்குற மாட்டுல அடையாளம் வெச்சிட்டேன்டா. என் புக்கு போச்சு" என்று மணலில் உட்கார்ந்தான்.  தண்ணீர் அரைக் குப்பி மிச்சம்.

அந்த மானுக்குப் பின்னால் இன்னும் மூன்று வந்து நின்றன. கண்ணெதிரே கானலில் கால்கள் கரைந்து, உடல்கள் மட்டும் மிதந்தன. எங்கள் பயத்துக்கு நடுவிலும் அப்படியோர் அழகு. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கின.

அந்தோணி எழுந்தான். "வெயில் ஏறிக்கினு கீது. மாடுன்னா நெழலுக்குத்தான் போவும். நெழலு ஆத்தாண்டதான் கீது. வா, பின்னாலயே போவோம்."

நெருங்காமல் தொடர்ந்தோம். பன்னிரண்டரைக்கு மரங்கள் தெரிந்தன. ஆறுதான், ஆனால் லாரி இல்லை. கரையோடு கிழக்கே ஒன்றரை மைல் ஓட்டமும் நடையுமாகப் போனோம். மணி ஒன்று ஐந்து. லாரி நின்றிருந்தது. கீழே நிழலில் யோனாஸ் படுத்திருந்தார்.

நடந்ததைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மானில் படகு கட்டிய ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்."

"ஏன் காத்திருந்தீர்கள்? உங்கள் முதலாளி திட்டமாட்டாரா?"

"திட்டுவார். திட்டு சாயங்காலத்தோடு முடிந்துவிடும். நீங்கள் மணலுக்குள் அல்லவா இருந்தீர்கள்?"

இரண்டு ஐம்பதுக்குக் கப்பலேறினோம். அந்தோணி மேல்தளக் கம்பியைப் பிடித்த கையை, கப்பல் நகரும் வரை எடுக்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காலையில் ஸ்வெட்டர் வேண்டும், பகலில் தொப்பி. ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீராவது எடுத்துக்கொள்ளுங்கள். வண்டைப் பார்க்கப் பனி விலகுவதற்குள் போங்கள். ஓரிக்ஸைத் தூரத்திலிருந்தே பாருங்கள், அந்தக் கொம்பு சிங்கத்தையே குத்திவிடுமாம். நாங்கள் பின்னால் போனது வேறு வழியில்லாமல்தான். இப்போது கைப்பேசியே வழிகாட்டும் என்பீர்கள். இருக்கட்டும். ஆனாலும் மணலில் இறங்குவதற்கு முன், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அவர் காத்திருக்கக்கூடியவராக இருக்கட்டும்.