தம்பியின் கொண்டை

என் தம்பி ஜப்பானில் சூமோ மல்லனாக இருந்தவன் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். நான் ஒல்லி முருங்கைக்காய், அவனுக்கு மூத்தவள். எங்கள் வீட்டுச் சோறெல்லாம் அவன் பக்கமாகவே போய்விட்டது என்று சொல்லிச் சமாளிப்பேன். உண்மையில் அந்த உடம்பைப் பார்த்து நாங்கள் சிரித்த நாட்களைவிட பயந்த நாட்கள்தான் அதிகம்.

எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். அந்த நாட்களில் அங்கே, வீட்டுக்கு வீடு ஆள் சேர்த்த இயக்கத்தின் ஆட்சி. வாவியைக் கடந்தால் எழுவான்கரை, அங்கே இராணுவம். தம்பி மீசை அரும்ப முன்னரே நெல்மூட்டையை ஒற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வட்டை வயல் வரம்பால் நடந்து வருவான். இந்தக் கரையில் கண்டவர்கள் நல்ல உடம்பு என்றார்கள். அந்தக் கரையில் கண்டவர்களும் அதையேதான் வேறு மொழியில் சொன்னார்கள். இரண்டில் எதைக் கேட்டாலும் அம்மாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. கடைசியில் அப்பா மாடுகளை விற்று அவனை ஜப்பானில் வேலை செய்த மாமாவிடம் அனுப்பிவைத்தார். மொழி படிக்கப் போகிறான் என்று பெயர்.

அங்கே மீன்கடை ஒன்றில் பெட்டி இறக்கிக்கொண்டு நின்றவனைக் கடை முதலாளி தனக்குத் தெரிந்த சூமோ கூடத்துக்குக் கூட்டிப்போனாராம். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வாவிக்கு அக்கரையில், களுவாஞ்சிக்குடியில் ஒரு தொலைபேசிக் கடையில் காத்துக் கிடந்து நான் கேட்டவை. விடிய முன் எழும்பி வெறும் வயிற்றோடு பயிற்சி. பிறகு மூத்த மல்லர்களுக்கு முதுகு தேய்க்க வேண்டும், கூடத்தைக் கூட்ட வேண்டும், பெரிய சட்டியில் மீனையும் கோழியையும் மரக்கறியையும் போட்டு எல்லோருக்கும் சமைக்க வேண்டும். மிஞ்சினதுதான் அவனுக்கு. இதைச் சொன்னபோது, இது மருமகள் வேலையல்லவா, இதற்கா மாட்டை விற்றோம் என்று அம்மா கேட்டார்.

பெயரையும் மாற்றிவிட்டார்கள். புதிய பெயரில் கடல் என்று பொருள்படும் எழுத்து ஒன்று இருந்ததாம். வெளிநாட்டுக்காரன் தோற்றால் அவனுக்கு இந்த வித்தையின் நுணுக்கம் விளங்காது என்பார்கள். வென்றால் உடம்பால் வென்றான் என்பார்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு போட்டி வரும். வெற்றிகள் கூடினால் தரவரிசையில் ஏறலாம், தோல்விகள் கூடினால் இறங்க வேண்டும், வராமல் விட்டாலும் இறங்க வேண்டும். மேல்தட்டுக்குப் போகும்வரை சம்பளம் கிடையாது. அவன் வருடக்கணக்காக ஏறுவதும் சறுக்குவதுமாக இருந்து, அந்த மேல்தட்டின் வாசலுக்கு வந்துவிட்ட நேரத்தில்தான் அப்பா வயலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்.

அடக்கத்துக்கு அவனால் வர முடியவில்லை. சித்தப்பாதான் எல்லாம் செய்தார். முப்பத்தோராம் நாள் கிரியைக்குத் தம்பி வந்து சேர்ந்தான். கொட்டும் மழையில், தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு, சனத்தோடு சனமாக வாவியைக் கடந்து வந்திருந்தான். துவாயை அவிழ்த்தபோது வீடெல்லாம் ஒரு மெழுகெண்ணெய் வாசம். முடி தோளுக்குக் கீழே விழுந்தது. சூமோ மல்லர்கள் முடியை வளர்த்து உச்சியில் கொண்டையாகக் கட்டுவார்கள். அதை ஒருவன் தானாக வெட்டினால் தொழிலை விட்டுவிட்டான் என்று பொருள். கொண்டை போனால் கூடம் போகும், கூடம் போனால் விசா போகும், விசா போனால் அவன் திரும்பி வரவேண்டியது எங்கள் ஊருக்கு. அந்த ஊரில் என்ன காத்திருந்தது என்பது எங்களுக்குத் தெரியும். அவன் வந்த மறுநாளே இயக்கத்துப் பொடியன்கள் இருவர் வந்து தேநீர் குடித்துவிட்டு, அண்ணன் எப்போது திரும்பிப் போகிறார் என்று மரியாதையாக விசாரித்துவிட்டுப் போனார்கள்.

ஆனால் தகப்பனுக்குக் கிரியை செய்யும் மகன் மொட்டை போட வேண்டும். அதில் எங்கள் ஊரில் இரண்டு பேச்சில்லை. முடி அறுகம்புல் மாதிரி, வெட்ட வெட்ட வளரும் என்றார் சித்தப்பா. மயிரைக் கட்டி மலையை இழுத்தால் வந்தால் மலை, போனால் மயிர் என்பார்களே, எங்களுக்கு மயிர் போனால் மலையும் சேர்ந்து போகும் என்று நான் அவரோடு வாதாடினேன். பொம்பிளைக்கு இதில் என்ன கதை என்று கேட்டார். நானும் சும்மா விடவில்லை. வாய் என்று ஒன்று எனக்கும் இருந்தது. தம்பி தூணோடு சாய்ந்து, தூணை மறைத்துக்கொண்டு இருந்தான்.

கிரியை அன்று காலை நாவிதர் வந்து கத்தியைத் தீட்டினார். தம்பி அம்மாவின் முன்னால் போய்க் கும்பிட்டு நின்றான்.

"அம்மா, கொண்டைய எடுத்தா நான் மறுகா அங்க போகேலாது."

அம்மா என் பக்கம் திரும்பித்தான் பேசினார்.

"பெத்த தகப்பனுக்கு மயிரக் குடுக்க ஏலாதவன் எனக்கு என்னத்தக் குடுப்பான்?"

கடைசியில் தம்பிக்குப் பதிலாகச் சித்தப்பாவே நாவிதருக்குத் தலையைக் கொடுத்தார். அன்று பந்தியில் அம்மா எல்லோருக்கும் பரிமாறினார், அவனுக்கு மட்டும் நான் பரிமாறினேன். எனக்கு அம்மா மேல் ஆத்திரமாக இருந்தது. அவர் பக்கமும் நியாயம் இருந்தது, அது இன்னும் ஆத்திரமாக இருந்தது.

இரண்டொரு நாளில் அவனை அனுப்பிவிட முடிவு செய்தோம். மழை விட்டிருந்தது, துவாய் சுற்ற இனிச் சாட்டு இல்லை. அக்கரையில் குருமண்வெளிக்குப் போகும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் 'பாதை' என்று பெயர். நானும் அவனும் பாதையில் ஏறும்போது அம்மாவும் வந்து ஏறினார். சந்தையில் கருவாடு வாங்க வேண்டுமாம். வாவியில் காற்றே இல்லை. தம்பி நடுவில் இருந்தான். நான் அக்கரையில் தெரிந்த காவலரணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காவலரணில் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். அந்த நாட்களில் தோள், முழங்கை, முழங்கால் பார்ப்பார்கள். துவக்குத் தூக்கிய காய்ப்பு, தவழ்ந்த தழும்பு இருந்தால் முடிந்தது. தம்பியின் உடம்பில் இல்லாத தழும்பு எது? தோள் காய்த்திருந்தது, முழங்கால் கிழிந்து தைத்திருந்தது, நெற்றியில் மோதி மோதித் தோல் தடித்திருந்தது. சிப்பாய் அவனைச் சுற்றி வந்து, முடியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்து, அதிகாரியைக் கூப்பிட்டான். நான் கடவுச்சீட்டையும், அவன் கச்சையோடு களத்தில் நிற்கும் படத்தையும் நீட்டினேன். படத்தைப் பார்த்ததும் அதிகாரியின் முகம் இன்னும் இறுகியது. சண்டைப் பயிற்சி என்பதற்கு நானே சாட்சி கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. தம்பியைச் சுவர்ப் பக்கம் திருப்பி நிறுத்தினார்கள்.

அப்போதுதான் அம்மா வரிசையை விட்டு முன்னால் போனார். தம்பியின் முடியை இரண்டு கையாலும் ஏந்தி அதிகாரியிடம் காட்டினார்.

"கதரகம தெய்யோ," என்றார். "பாரயக்."

சிங்களத்தில் கதிர்காமக் கடவுளுக்கு நேர்த்திக்கடன் என்று அர்த்தம். அம்மா கல்யாணத்துக்கு முன் கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போனவர். வழியில் கூட வந்த சிங்களப் பெண்களிடம் கற்ற சொற்கள் அவ்வளவுதான். எங்கள் முருகன்தான் அவர்களுடைய கதிர்காமத் தெய்வமும். அதிகாரி அம்மாவின் முகத்தையும் அந்த முடியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இடது கையிலிருந்த படத்தை மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே கூப்பிவிட்டு, போ என்று தலையசைத்தார்.

சாமி பெயரில் விளையாட்டுக்குக்கூடச் சத்தியம் செய்ய எங்களை விடாதவர் அம்மா. பஸ் வந்ததும், "கிறுகிப் பாராமப் போ மனே," என்றார். அவன் திரும்பிப் பார்க்காமலே போனான். அம்மா கருவாடும் வாங்கவில்லை.

அடுத்த போட்டி முடியும்வரை எனக்குத் தூக்கமில்லை. வந்துபோன அலைச்சலில் அவன் தோற்றுத் தரமிறங்கினால், கூடத்தில் இனிப் போதும் என்றுவிட்டால் என்று என்னென்னவோ யோசித்தேன். சொல்லிவைத்த நாளில் களுவாஞ்சிக்குடிக்குப் போய்த் தொலைபேசிக் கடையில் காத்திருந்தேன். வென்றுவிட்டானாம். மேல்தட்டுக்கு ஏறிவிட்டானாம். இனிப் பட்டுக் கச்சை, சம்பளம், முதுகு தேய்க்க இளையவர்கள். நான் கடையிலேயே அழுதேன். பாதை அன்றைக்கென்று ஆமை வேகத்தில் வந்தது.

வீட்டுக்கு ஓடிவந்தபோது அம்மா முற்றத்தில் இருந்தார். கதிர்காமத்துக்கு அப்போது வழியில்லை. எங்கள் பக்கத்தவர்கள் சின்னக் கதிர்காமம் என்று சொல்லும் மண்டூர் முருகனிடம் தனியாகப் போய்விட்டு வந்திருந்தார். முழு மொட்டை. மேலே சந்தனம் அப்பியிருந்தது, ஓரங்களில் அது காய்ந்து வெடித்திருந்தது. நான் கொண்டுவந்த செய்தி வாயிலேயே நின்றுவிட்டது.

"பொய் சொன்னது நான்," என்றார் அம்மா. "கடன் அவன்ட தலையில ஏறப்படாது."

நான் அவருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டேன். சூமோவைப் பற்றி அதுவரை ஒரு நாளும் விசாரிக்காதவர், அன்றுதான் கேட்டார்.

"புள்ள வெண்டானாமா?"