கட்டங்களுக்கு நன்றி சொன்னவர்

கூடலூரிலிருந்து விடிகாலையில் ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப்புகளில் ஒன்று சுருளிவேலுடையது. குமுளி தாண்டி அவர்களை இறக்கிவிட்டால் சாயங்காலம் வரை வேலையில்லை. ஸ்டியரிங்மேல் நோட்டை வைத்துக் கவிதை எழுதுவார். படித்துக் காட்ட ஊரில் ஆளில்லை. மனைவியிடம் ஒருமுறை காட்டினார். "யாரு செத்தாக?" என்று கேட்டாள்.

2002இல் பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரௌசிங் சென்டர் வந்தது. அங்கே வேலை பார்த்த சினேகா அவரை ஒரு மின்னஞ்சல் கவிதைக் குழுவில் சேர்த்துவிட்டாள். ஞாயிறுதோறும் அவர் சொல்லச் சொல்ல அவளே டைப் அடிப்பாள். சிங்கப்பூரிலிருந்து தேவயானி என்றொரு டீச்சர் பதில் எழுதுவார். இந்த இடத்தில் ஒரு சொல் அதிகம் என்பார். அந்த அட்டைப்பூச்சி வரி தன்னைத் தூங்கவிடவில்லை என்பார். நாற்பது வயதில்தான் சுருளிவேலுக்கு ஒரு வாசகர் கிடைத்திருந்தார்.

ஒன்றரை வருஷம் ஓடியது. ஒரு ஞாயிறு, வந்த கடிதமெல்லாம் வெறும் கட்டங்கட்டமாகத் தெரிந்தது.

"மிஷினு பழசுண்ணே. எழுத்தே வர மாட்டேங்குது," என்றாள் சினேகா.

"இருக்கட்டும் பாப்பா. நல்லபடியாத்தேன் எழுதியிருப்பாக. நன்றின்னு அடி."

அதன்பிறகு ஒரு வருஷத்துக்குமேல் கட்டங்களுக்கு நன்றி சொன்னார். கவிதைகளும் போய்க்கொண்டிருந்தன.

2005இல் ஜீப்பை எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்காகத் தேனிக்குக் கொண்டுபோனார். காத்திருந்த நேரத்தில் பழனிசெட்டிபட்டியில் ஒரு புது சென்டருக்குள் நுழைந்தார். கடைக்காரர் தமிழ்மாறன் அவருடைய அஞ்சலைத் திறந்துகொடுத்தார். எழுத்து பளிச்சென்று தெரிந்தது.

குழு யூனிகோடு எழுத்துக்கு மாறிவிட்டது, பழைய எழுத்துருவில் வரும் உங்கள் கவிதை எங்களுக்குக் குப்பையாகத் தெரிகிறது, மாற்றி அனுப்புங்கள் என்றது முதல் கடிதம். அடுத்ததும் அதுவே, கொஞ்சம் கோபத்தோடு. பிறகு தேவயானியின் கடிதம்: "நீங்கள் அனுப்புவது எதையும் படிக்க முடியவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? நான் குழுவை விட்டு விலகுகிறேன். அதற்குள் ஒரு கவிதையாவது படிக்கும்படி அனுப்புங்கள்."

அதற்கும் நன்றிதான் போயிருந்தது.

கடைசிக் கடிதம், அவரைக் குழுவிலிருந்து நீக்கியதாகச் சொன்னது. அது வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

"அதுக்கப்புறமும் நான் அனுப்பிக்கிட்டுத்தான தம்பி இருக்கேன்?"

"எல்லாம் திரும்பி வந்துருச்சுண்ணே. இங்கன இங்கிலீஷ்ல வரிசையா கெடக்குல்ல, அதெல்லாம் அதுதேன்."

அந்த இங்கிலீஷ் கடிதங்களை, கவிதை போய்ச் சேர்ந்ததற்கான ரசீது என்று நினைத்திருந்தார் சுருளிவேல்.

உடம்புக்கு ஒன்றுமில்லை என்று தேவயானிக்கு ஒரு வரி அடிக்கச் சொன்னார். அனுப்பிய கையோடு அதுவும் திரும்பியது. அந்த முகவரியே இப்போது இல்லை என்றார் தமிழ்மாறன். அவரே யூனிகோடில் அடிக்கச் சொல்லித்தருவதாகவும், வேறு குழுவில் சேர்த்துவிடுவதாகவும் சொன்னார். கூடலூர் மிஷினில் அது தெரியுமா என்று இவர் கேட்டார். மிஷினை மாற்றினால்தான் தெரியும் என்று பதில் வந்தது.

சினேகாவிடம் எதையும் சொல்லவில்லை. சென்டர் பக்கம் ஏன் வருவதில்லை என்று அவள் வழியில் நிறுத்திக் கேட்டதற்கு, சவாரி கூடிவிட்டது என்றார். மலைமேல் மற்ற டிரைவர்கள் ஆடும் ரம்மியில் போய் உட்கார்ந்தார். ஆட்டம் பிடிபடவில்லை, தோற்றுக்கொண்டே இருந்தார். தோற்கிற ஆளைச் சேர்த்துக்கொள்ள அங்கே யாருக்கும் ஆட்சேபம் இல்லை.